பிட்டர்ன் வரப்போகிறது

இந்தியானாவின் தெற்கு மூலையில் உள்ள கார்விஸ் என்ற ஊரில் கேரேஜ் கதவு மாட்டுகிற வேலை செய்துவந்த லோரன் க்ரைடருக்குத் துப்பாக்கிப் பித்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. யாரோ இறந்துபோனவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது ட்ரில் பிட்டுகள் இருந்த ஒரு பெட்டியை எடுத்தான். அடியில் அதுவும் கிடந்தது. ட்ரில் பிட்டுகளை உபயோகித்தான். துப்பாக்கியைச் சாக்ஸ் வைக்கும் இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டான்.

அவன் பிட்டர்ன் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அவன் மனைவி பெக். ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், அங்கிருந்து போன் செய்து வெயில் நன்றாக இருக்கிறது என்றாள். அடுத்த மாதமும் வெயில் நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கு அடுத்த மாதம் தையல் மெஷினை அனுப்பி வைக்கச் சொன்னாள். தையல் மெஷினை அனுப்பிய வாரம்தான் லோரனுக்கு விஷயம் புரிந்தது. அதன் பிறகு வார நாட்களை வேலை பார்த்துக்கொண்டது. சனிக்கிழமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காலையில் நடீன் ஓட்டலுக்குப் போய் நீளமான கவுண்ட்டரில் உட்கார்ந்து, முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும் சாப்பிடுவான். அவன் முதுகுக்குப் பின்னால், ஜன்னலோரத்துப் பெரிய மேஜையில் பத்துப் பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் அந்த மேஜையின் தலைப்பக்கம் இருந்தவர் திரும்பி, "உங்ககிட்ட பிட்டர்ன் இருக்கா?" என்று கேட்டார்.

லோரன் அது ஏதோ நாய் ஜாதி என்று நினைத்தான். இல்லை என்றான். அவர் ஒரு படத்தைக் காட்டினார். லோரன் வீட்டுக்குப் போய்ச் சாக்ஸ் இழுப்பறையைத் திறந்து பார்த்தான். அடுத்த சனிக்கிழமை அவனுக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடைத்தது.

தலைப்பக்கம் இருந்தவர் ஃபெரிஸ் அம்பார்கர், சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலில் வேலியை இடித்திருந்தார்கள். பிட்டர்ன் என்பது டன்லீவி கம்பெனி ஒரு காலத்தில் செய்து விற்ற சின்ன பிஸ்டல் என்றும், கோட்டுப் பையில் அடங்குவது என்றும், அதைப்போல இன்னொன்று பூமியில் பிறக்கவில்லை என்றும் லோரனுக்கு விளக்கியவர் அவர்தான். அதற்கு இரண்டு விசேஷ குணங்கள் உண்டு. சுட்டவுடன் அதன் மேல்பாகம் பின்னால் பாய்ந்து வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கடித்துவிடும். இரண்டாவது, நாலாவது குண்டு பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டு குணங்களால்தான் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியது. இந்த இரண்டு குணங்களால்தான் அதற்கு ஈடு இணை இல்லை என்பது சங்கத்தின் நிலைப்பாடு.

"கடிக்காத பிஸ்டலைக் கையில வெச்சிருந்தா, வெச்சிருக்கிறதே தெரியாது" என்பார் ஃபெரிஸ்.

சங்கத்தில் எல்லோருக்கும் அந்த இடத்தில் தழும்பு இருந்தது. கை குலுக்கும்போது அதை மற்றவர் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பிக் குலுக்குவார்கள். லோரனுக்கும் ஒரு தழும்பு இருந்தது. அது கேரேஜ் கதவு ஸ்பிரிங் அறுந்து அடித்தது. கடியா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சங்கத்தின் ஒரே குறிக்கோள், கம்பெனி பிட்டர்னை இந்தக் காலத்து இரும்பில் மறுபடி செய்து வெளியிட வேண்டும், ஆனால் ஒன்றையும் மாற்றக் கூடாது என்பது. டன்லீவி கம்பெனிக்கும் இதில் விரோதம் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் லாஸ் வேகஸில் துப்பாக்கி வியாபாரிகள் கூடும் பெரிய கண்காட்சியில் கம்பெனி ஒரு படம் போடும். இருட்டுத் திரை, ஒரு நிமிடம். கடைசியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். பிறகு 'விரைவில்' என்ற ஒரே சொல். லோரன் சங்கத்தில் சேர்ந்தபோது இது ஐந்தாறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. நடீன் கவுண்ட்டருக்கு மேலிருக்கும் டிவியில் அதைப் போடுவாள். பத்து ஆண்பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருட்டுத் திரையைப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஏப்ரல் வரை அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

பேச்சை நடத்துபவன் டெல் ராட்லிஃப். அவன் காது மெஷின் விற்பவன். இத்தனை வருடம் துப்பாக்கி சுட்டதன் பலனாகச் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் அவனுடைய வாடிக்கையாளர்கள். சத்தத்தைத் தன் கடையிலிருக்கும் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, இது மேல்பாகம் பூட்டிக்கொள்ளும் சத்தம் என்றோ, இல்லை, குண்டுக்கூடு உட்காரும் சத்தம் என்றோ தீர்ப்புச் சொல்வான். இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். ஒரு வருடம் ஒருத்தர் கோபித்துக்கொண்டு கவுண்ட்டரில் போய் உட்கார்ந்து, ஈஸ்டருக்குத்தான் திரும்பி வந்தார்.

இதற்கிடையில் கம்பெனி சும்மா இருக்கவில்லை. முதல் வருடம் 'நான் காத்திருக்கிறேன்' என்று எழுதிய தொப்பி விற்றது. அடுத்த வருடம் 'இன்னும் காத்திருக்கிறேன்' என்று எழுதிய தொப்பி. பிறகு காப்பிக் கோப்பை, போர்வை, நாய்க்குக் கழுத்துப் பட்டை. அப்புறம் வரப்போகிற பிட்டர்னுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தோல் உறை. இடுப்பில் காலி உறையோடு பத்துப் பேரும் சனிக்கிழமை காலையில் வந்து உட்காருவார்கள். வேறு எந்தத் துப்பாக்கியையும் அதில் வைக்கக் கூடாது, தோல் தளர்ந்துவிடும் என்று உறையோடு வந்த சீட்டில் போட்டிருந்தது. பழைய பிட்டர்னை வைக்கலாமா என்று லோரன் கேட்டான். மேஜையில் இருந்தவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அந்த வருடம்தான் கம்பெனி 'பாரம்பரிய மகா சபை' என்று ஒன்றை அறிவித்தது. பிட்டர்னின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் சாதாரண ரசிகர் ஒருவரும் உட்காருவார். குலுக்கலில் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். ஃபெரிஸ் சங்கத்தில் எல்லோருடைய பெயரையும் கொடுத்தார். லோரன் பெயர் வந்தது.

ஃபெரிஸ் எழுந்து நின்றார். அவருடைய வலது கை கொஞ்ச நாளாகவே மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கையால் லோரனின் தோளைப் பிடித்தார்.

"அங்க பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க. பேசத் தெரியாம நின்னாலும் பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எதையும் மாத்தாதீங்கன்னு சொல்லு."

லோரன் சரி என்றான். நடீன் அவனுக்கு வழியில் சாப்பிட ஆப்பிள் கேக் கட்டிக் கொடுத்தாள்.

கம்பெனியின் தலைமையகம் டென்னஸியில் நாக்ஸ்வில் நகரத்துக்கு வெளியே இருந்தது. புகைபோக்கியும் உலையும் இருக்கும் என்று எண்ணிப் போன லோரன், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால், கதவு ஏற்றும் தன் சின்ன லாரியை நிறுத்தினான். கீழே குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டர், பக்கத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ், மாடியில் டன்லீவி. தொழிற்சாலையை எப்போதோ விற்றுவிட்டார்கள். வாசல் கதவில் துப்பாக்கிப் படம் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தது. வரும்போது உங்கள் பிட்டர்னைக் கொண்டுவாருங்கள் என்று அழைப்பில் சொல்லியிருந்ததால் லோரன் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருந்தான். காவலாளி அதை லாரியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

"கட்டட ரூல் சார். பல் டாக்டர்கிட்ட குழந்தைங்க வருது."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே பிட்டர்னுக்கு மறுபிறவி கொடுப்பதற்காகக் கூடிய மகா சபை, பிட்டர்னின் புகைப்படம் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தது. அந்த அறையில் லோரனைத் தவிர வேறு யாரும் பிட்டர்னைக் கையால் தொட்டதில்லை என்பது காப்பி குடிக்கும்போது தெரிந்தது. அவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பாரம்பரியத்துக்கும் எதிர்காலத்துக்குமான துணைத் தலைவி டாம்ஸின் க்ரோ, லோரனிடம் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள். உள்ளே கேட்டதை வெளியே சொன்னால் அவனுடைய வீடும் லாரியும் கம்பெனியைச் சேரும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அன்பாக விளக்கினாள். பிறகு எல்லோரும் எழுந்து, புகைப்படத்தின் மேல் ஒரு விரல் வைத்து, கம்பெனியை நிறுவியவரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். லோரனும் ஒரு விரல் வைத்தான். கீழே எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது.

முதலில் வக்கீல் பேசினார். அவர் பெயர் ப்ரூயிட்.

"கடி எங்க பாரம்பரியம். அதுல சமரசத்துக்கே இடமில்ல. புது பிட்டர்ன் கட்டாயம் கடிக்கும். ஆனா யாருக்கும் காயம் படக் கூடாது. இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்கத்தான் எங்க துறைக்கு நாலு வருஷம் ஆச்சு."

நாலு வருடத்தில் அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, கடியைத் தனியாக விற்பது. வேண்டுகிறவர்கள் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தியது தாங்கள்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்துக்குள் கடி எவ்வளவு வலிக்கும் என்று லோரனைக் கேட்டார்கள். ஸ்பிரிங் அறுந்து அடித்ததை நினைத்து ஒன்பது என்றான். அறையில் மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது.

அடுத்து ஒரு இளைஞன், நாலாவது குண்டு சிக்கிக்கொள்வதை வேண்டுமென்றே செய்வது எவ்வளவு கஷ்டம் என்று படம் போட்டுக் காட்டினான். இந்தக் காலத்து மெஷினில் செய்தால் அது பாட்டுக்குச் சரியாக வேலை செய்துவிடுகிறது. ஒரு மாதிரி பிட்டர்ன் செய்து பார்த்தார்களாம். ஆயிரம் குண்டு சுட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு அந்தத் துறையைக் கோப்பைப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள்.

மதியம் பெட்டியில் ரொட்டியும் வான்கோழியும் வந்தன. சாப்பிட்டு முடித்த தைரியத்தில் லோரன் வாயைத் திறந்தான். எதையும் மாற்றாதீர்கள் என்று சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி அதைப் பலகையில் எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் பிட்டர்ன் எப்போது வரும் என்று கேட்டான்.

சாவு வீட்டில் பந்தி எப்போது என்று கேட்டதுபோல அறை அடங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜைக் கோடியில் அதுவரை பேசாமல் இருந்த கார்லண்ட் டிஸ்டேல் சிரித்தார். அவர்தான் கம்பெனியின் தலைவர். வெள்ளைத் தலைமுடி; நல்ல மனிதர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"நல்ல கேள்வி. இவர் கையெழுத்துப் போட்டாச்சுல்ல? சரி. லோரன், உங்ககிட்ட நான் மனசு திறந்து பேசறேன். ஒருத்தர் பிட்டர்ன் வாங்கறார்னு வெச்சுக்குங்க. எத்தனை வாங்குவார்? ஒண்ணு. அப்புறம் செத்துப்போற வரைக்கும் அவர் எங்க பக்கம் திரும்ப மாட்டார். ஏன்னா பிட்டர்ன் உடையாது. ஆனா பிட்டர்னுக்காகக் காத்திருக்கிறார் பாருங்க, அவர் வருஷா வருஷம் வாங்குவார். தொப்பி வாங்குவார், உறை வாங்குவார். இந்த வருஷம் நாங்க எண்ணெய் வித்தோம். உறைக்குப் போட. அவங்க போடறாங்க."

ஃபெரிஸ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறைக்கு எண்ணெய் போடுவது லோரனுக்குத் தெரியும்.

"துப்பாக்கி வித்தா புகார் வரும், வழக்கு வரும்" என்றார் டிஸ்டேல். "தொப்பி சுடலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்களுக்கு எழுதினதில்ல. நீங்க எங்களைத் துப்பாக்கிக் கம்பெனின்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. இந்த நாட்டுல துப்பாக்கி யார் வேணா செய்வான். நம்பிக்கையை யார் செய்யறா? வருத்தப்படாதீங்க. உங்க நண்பர்கள் சந்தோஷமா இருக்காங்களா, இல்லையா?"

லோரன் யோசித்தான். இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவ்வளவுதான். இப்ப நீங்க சொல்லுங்க. நீங்கதான் ரசிகர் குரல். அடுத்த வருஷப் படத்துல அவங்களுக்கு என்ன வேணும்?"

பதினைந்து ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன. இத்தனை படித்தவர்கள் தன்னிடம் ஒரு விஷயம் கேட்டு, அதை எழுதிக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்திருந்தது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. என்ன சொல்வது என்று தெரியாமல், தன் நண்பன் டெல் அந்தக் க்ளிக் சத்தத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவான், சத்தத்தில் ஏதாவது புதிதாக இருந்தால் அவனுக்கு வேலை இருக்கும் என்று சொல்லிவிட்டான்.

"ரெண்டு க்ளிக்" என்றாள் டாம்ஸின் க்ரோ, மெதுவாக.

அறை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. டிஸ்டேல் மேஜையைச் சுற்றி வந்து அவன் கையைக் குலுக்கினார். அவனுடைய தலை அளவுக்கு ஒரு தொப்பியும் கொடுத்தார்கள்.

கார்விஸில் பத்துப் பேரும் நடீன் ஓட்டலில் காத்திருந்தார்கள். லோரன் உட்கார்ந்து, தன்னால் எதையும் சொல்ல முடியாது என்றும், கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் சொன்னான். அவர்கள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தான். வாடவில்லை. ஃபெரிஸ் மேஜையைச் சுற்றிலும் பார்த்தார்.

"சொல்லக் கூடாதுன்னா, சொல்றதுக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அன்றிலிருந்து லோரனின் மௌனம் சங்கத்தின் பெரிய சொத்தாகிவிட்டது. அவனைத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் பெருமூச்சு விட்டால் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். முட்டைக்கு மிளகு போட்டபடி "என்னத்தைச் சொல்றது" என்று ஒரு தரம் தன்னையறியாமல் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மாதம் பேசினார்கள். அவனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ரகசியம் உடம்பைத் தின்கிறது, அவ்வளவு பெரிய விஷயம் என்றார்கள்.

ஜனவரி வந்தது. இருட்டுத் திரை ஓடியது. கடைசியில் க்ளிக். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, இன்னொரு க்ளிக்.

ஓட்டலே ஆடிவிட்டது. நடீன் காப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் க்ளிக் குண்டுக்கூடு, இரண்டாவது மேல்பாகம், அதாவது பிஸ்டல் முழுசாகத் தயார் என்று டெல் சொன்னான். இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்தன. ஃபெரிஸ் அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியபோது விரல்கள் சரியாக மடங்கவில்லை. அந்தக் கையை எல்லோருக்கும் காட்டி, மார்ச்சில் செய்வதாக இருந்த ஆபரேஷனை ரத்து செய்துவிடப் போவதாகச் சொன்னார். கத்தி வைத்தால் ஆறு மாதம் எதையும் பிடிக்க முடியாது. அந்த ஆறு மாதத்துக்குள் பிட்டர்ன் வந்துவிட்டால் என்ன செய்வது? முதல் கடியைத் தன் சொந்தக் கையில் வாங்க வேண்டும் என்றார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

லோரன் எழுந்தான். வீட்டையும் லாரியையும் ஒரு கணம் நினைத்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்குங்க, ஃபெரிஸ்" என்றான். "பிட்டர்ன் வராது. அவங்க செய்யப் போறதே இல்ல. காத்திருக்கிறவன்தான் தொப்பி வாங்குவான்னு அந்தத் தலைவரே சொன்னார். ரெண்டாவது க்ளிக் நான் சொல்லிப் போட்டது."

டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடியது. பிறகு ஃபெரிஸ், வேலியை இடித்த மாணவனிடம் பேசும் குரலில், நிதானமாகக் கேட்டார்.

"நீ சொல்லித்தான் ஒரு கம்பெனி க்ளிக் போடுதா, லோரன்?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவன் இப்போது பேசுகிறான் என்றால் அவன் சொல்வதை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டார். பேசாமல் இருந்தவரைக்கும் அவனிடம் ஏதோ இருந்தது, பேசியதும் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது என்றார் இன்னொருவர். பெக் ஏன் ஃப்ளோரிடாவுக்குப் போனாள் என்று இப்போது புரிகிறது என்றார் மூன்றாமவர். தீர்மானம் போட்டு, கை தூக்கி, லோரனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். டெல்லும் கை தூக்கினான். லோரன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கவுண்ட்டரில் உட்காரலாமா என்று ஒரு கணம் நின்றான். நடீன் பாத்திரம் கழுவுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி அவன்மேல் வழக்குப் போடும் என்று எதிர்பார்த்தான். போடவில்லை. டாம்ஸின் க்ரோவிடமிருந்து அன்பான குரலில் ஒரு போன் வந்தது. அவன் பேசிய விஷயம் அவர்கள் காதுக்கும் வந்ததாம். ஒருவர்கூட நம்பவில்லை என்று கேள்விப்பட்டதில் கம்பெனிக்கு ரொம்பப் பெருமை என்றாள்.

சனிக்கிழமைகளில் வீட்டிலேயே கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுப் பால் ஊற்றிச் சாப்பிட்டான். துணி துவைத்தான். துவைத்ததை மறுபடியும் துவைத்தான். ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் கேரேஜ் கதவு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். பெக்குக்குப் போன் செய்தான். அவள் வெயில் நன்றாக இருக்கிறது என்றாள்.

ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் டெல் அவனுடைய பட்டறைக்கு வந்தான். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ஸ்டேப்ளர்" என்றான்.

"எது?"

"க்ளிக். மூணாவது வருஷமே கருவியில போட்டுக் கேட்டேன். எங்க கடையில ரசீது குத்துறோமே, அதே ஸ்டேப்ளர். இந்த வருஷம் ரெண்டு தடவை குத்தியிருக்கான்."

லோரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொல்லிட்டு, சனிக்கிழமை எங்க போறது?"

"என்னை வெளிய தள்ளினப்ப நீயும்தானே கை தூக்கினே?"

"தூக்கினேன். தூக்கலைன்னா நானும் சனிக்கிழமை சனிக்கிழமை உன்கூட உக்காந்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கிட்டிருக்கணும்." டெல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "திரும்பி வா. ஏதாவது சொல்லிக்கோ. அவங்க வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நீ இல்லாம மேஜை நல்லா இல்ல."

"ஃபெரிஸ் கை?"

டெல் வாளியிலிருந்து எழுந்தான். கார் சாவியைத் தேடினான்.

அந்த வாரம் முழுவதும் லோரன் யோசித்தான். யோசித்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்தான். உண்மையைச் சொல்லி அந்தக் கைக்குக் கத்தி வைக்க முடியவில்லை; பொய்யைச் சொல்லி வைக்கலாம். சனிக்கிழமை காலை நடீன் ஓட்டலுக்குள் போய், மேஜைக்கு முன்னால் நின்று, தான் அன்று சொன்னது பொய் என்றான். தான் மட்டும் பார்த்துவிட்டு வந்ததில் தலைக்கனம் ஏறிவிட்டது, மற்றவர்கள் சந்தோஷப்படுவதைப் பொறுக்க முடியவில்லை என்றான். பிட்டர்ன் இருக்கிறது. கண்ணால் பார்த்தான். கையில் பிடித்தான். ஆனால் வெளியே வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். ஆகவே ஃபெரிஸ் தாராளமாக ஆபரேஷனைச் செய்துகொண்டு, கையை நன்றாகத் தேற்றிக்கொண்டு, நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

சொல்லும்போதே அவனுக்குத் தன் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது.

ஃபெரிஸ் முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நடீன் கேட்காமலே முட்டை கொண்டுவந்தாள்.

"ரெண்டு வருஷம்னா சொன்னாங்க?" என்றார் ஃபெரிஸ், உட்கார்ந்ததும்.

"ரெண்டு வருஷம்."

"வெளி ஆளான உன்கிட்டப் போய், ரெண்டு வருஷம்னு." அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் சொல்றாங்க? மத்த கம்பெனிக்காரன் காதுக்குப் போகணும்னு சொல்றாங்க. அப்படின்னா இந்த வருஷமே வருது."

மேஜை அதை ஏற்றுக்கொண்டது. லோரன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். டெல் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். அடுத்த அரை மணி நேரம் அவன் புது பிட்டர்னை வர்ணித்தான். எடை எப்படி, நிறம் எப்படி, பிடியில் பழைய கோடுகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாம் அப்படியே இருக்கிறது என்றான். இத்தனை வருடத்தில் அந்த மேஜையில் அவ்வளவு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை. முட்டை முழுவதையும் சாப்பிட்டான்.

மே மாதக் கடைசியில் ஃபெரிஸ் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேஜையில் யாரிடமும் சொல்ல வேண்டாம், ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்றார். ஞாயிறு மத்தியானம் லோரன் போனான். கூடத்தில் சுவரோரமாக ஒரு கண்ணாடி அலமாரி நின்றது. அதில் அவருடைய மூன்று பழைய பிட்டர்ன்களும் வரிசையாகப் படுத்திருக்கும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அலமாரியில் ஒன்றும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

லூயிவில்லிலிருந்து ஒரு வியாபாரி வந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாக ஃபெரிஸ் சொன்னார். புதியது வந்துவிட்டால் பழையதைச் சீண்டுவாரில்லை. லோரனே கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு எதற்குக் காத்திருப்பது என்று கொடுத்துவிட்டார். இடது கையால்தான் எல்லாவற்றையும் காட்டினார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"அவசரப்பட்டிருக்க வேண்டாம்" என்றான் லோரன்.

"அதெல்லாம் இருக்கட்டும். இங்க வா."

அலமாரியின் நடுத் தட்டில் புதிதாக நீல வெல்வெட் விரித்திருந்தார். அதற்கு அடியில் தடிமனான பஞ்சு. வெல்வெட்டின் மேல் சாக்பீஸால் ஒரு பிஸ்டலின் உருவம் வரைந்திருந்தது. கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது.

"பழசை ஞாபகம் வெச்சு வரைஞ்சேன். புதுசு வந்து உட்காரக் குழி வெட்டறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பார்த்தேன். நம்ம எல்லாரிலும் அதைக் கையில பிடிச்சவன் நீ ஒருத்தன்தான். அளவு சரியா இருக்கா, சொல்லு."

லோரன் குனிந்தான். கையை நீட்டி, அந்தக் கோட்டுக்குள் உள்ளங்கையை வைத்தான். விளக்குச் சூட்டில் வெல்வெட் வெதுவெதுப்பாக இருந்தது. ஃபெரிஸ் அவன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடிகிட்ட கொஞ்சம் அகலம் வேணும்" என்றான்.

"நினைச்சேன்" என்றார் ஃபெரிஸ். "அங்கதான் எனக்குச் சந்தேகமா இருந்தது."

உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். விரல்கள் வளையத்துக்குள் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே நுழைக்கப் பார்த்தார். கத்தரி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் நுழைத்தார். மறுபடியும் விழுந்தது. இன்றைக்குக் கொஞ்சம் ஈரக் காற்று, அதனால்தான் என்றார்.

லோரன் கத்தரியை எடுத்தான். சாக்பீஸ் கோட்டைப் பிடிப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் தள்ளி வரைந்துகொண்டு, வெல்வெட்டை ஜாக்கிரதையாக வெட்ட ஆரம்பித்தான்.